ஏரிக்கு ரயில், பாதி வழி வரை

கொடைக்கானல் ஏரியை 1863-இல் கரை கட்டி உருவாக்கியவர் அப்போதைய மதுரை கலெக்டர் லெவிஞ்சு. ரயில் வந்ததோ அதற்கும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதுவும் சமவெளி வரைதான். திருச்சி–மதுரை மீட்டர் கேஜ் பாதை 1875-இல் திறந்தது. அம்மையநாயக்கனூரில் அமைந்த ஸ்டேஷன் இன்று ‘கொடைக்கானல் ரோடு’. ஊர்க்காரர்களுக்கு ‘கொடை ரோடு’.

ரயிலை விட்டு இறங்கியவுடன் ஏரி தெரியாது! மாட்டுவண்டியில் ஏறி, வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்குப் போக வேண்டும். ராத்திரி முழுக்க வண்டி ஓடும். அங்கிருந்து ஒற்றையடி மலைப்பாதை: முடிந்தவர் நடந்தார், வசதியுள்ளவர் குதிரையேறினார், வெள்ளைக்காரத் துரைசானிகள் டோலியில் போனார்கள். டோலி தூக்கிய தோள்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வத்தலக்குண்டு வழியே மலைச்சாலை போட்ட பிறகுதான் மோட்டார் வண்டி ஏறியது.

ஊட்டிக்குப் பல்சக்கர ரயில் மலையேறியது. கொடைக்கானலுக்கு இன்றுவரை தண்டவாளம் இல்லை. கீழே திருச்சி–மதுரைப் பாதை மட்டும் அகல ரயில் பாதையாகிவிட்டது. சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கொடை ரோட்டில் நிற்கும். ஏரிக்கு இன்னும் சுமார் 80 கிலோமீட்டர், பஸ்ஸில்தான்.