அத்தைக்கு மீசை முளைத்த கதை!

"அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரே வரியில் அடித்துவிடுவார்கள். நடக்காததைப் பேசி என்ன பயன் என்பது அவர்கள் கட்சி. ஆனால் அந்த மீசையையே முதலாக வைத்து, பல பாகங்களாக ஒரு டி.வி. தொடர் எடுத்திருக்கிறார்கள் அமெரிக்காவில். பெயர் 'ஃபார் ஆல் மேன்கைண்ட்'. 2019 நவம்பரில் ஆப்பிள் கம்பெனியின் ஓ.டி.டி.யில் தொடங்கியது.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள் எல்லாம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிற பெண்கள். அவர்களில் ஒருத்தி லேப்டாப்பில் போட, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் கூடிவிடுவோம். இங்கிலீஷ் புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். ஒரு மணி நேரக் கதை எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஓடும். அதற்குள் பிள்ளைப்பாக்கத்துப் பெண்கள் சொன்ன அபிப்பிராயங்களை எழுதினால் ஒரு புத்தகமே போடலாம்!

கதையின் முடிச்சு இதுதான். 1969 ஜூலையில் நிலாவில் முதலில் கால் வைத்தவர் அமெரிக்கரான நீல் ஆம்ஸ்ட்ராங். தொடரில் அதற்குச் சில வாரம் முன்பே ரஷ்யர் அலெக்ஸி லியோனவ் இறங்கிவிடுகிறார். ஏன் அப்படி? நிஜத்தில் ரஷ்யாவின் ராக்கெட் திட்டத்துக்கே தூணாக இருந்த கொரோலியவ் 1966 ஜனவரியில் ஆபரேஷன் மேஜையில் இறந்துபோனார். அவர் பிழைத்திருந்தால்? அங்கேதான் கதை திரும்புகிறது என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொனால்ட் மூர் சொல்லியிருக்கிறார். ஒரு மனிதர் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வீடு திரும்பியதில் உலகமே மாறிவிடுகிறது பாருங்கள்.

ரஷ்யா அடுத்த முறை ஒரு பெண்ணையே நிலாவில் இறக்கிவிடுகிறது. உடனே அமெரிக்க ஜனாதிபதி நிக்சனுக்கு ரோஷம் வந்து, "நம் பெண்களையும் அனுப்பு" என்று உத்தரவு போடுகிறார். மாடிப் பெண்களுக்கு இந்தக் கட்டம்தான் உயிர். "பெண்ணுக்கு நியாயம் செய்யணும்னு அனுப்பலக்கா, எதிர்வீட்டுக்காரன் அனுப்பிட்டானேன்னு அனுப்புறாங்க" என்று ஒருத்தி சொன்னாள். எனக்கென்னவோ தொடரில் வந்த வசனங்களை விட இது ஒசத்தியாகப் பட்டது.

இதில் பாதி நிஜம். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 பெண் விமானிகள், ஆண் விண்வெளி வீரர்களுக்குச் செய்த அதே உடல் பரிசோதனைகளில் தேறினார்கள். ஆனால் ராணுவ ஜெட் விமானம் ஓட்டிப் பரிசோதித்தவர்களுக்கே இடம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலையைப் பெண்ணுக்குக் கொடுத்தால்தானே அவள் ஓட்ட! நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்கிற கதைதான். ரஷ்யாவின் வாலன்டினா தெரஷ்கோவா 1963-லேயே விண்வெளிக்குப் போய்வந்தார். அமெரிக்காவின் சாலி ரைடு போனது 1983-ல். நிலாவில் நடந்த 12 பேருமே ஆண்கள். அந்த 13 பேரில் ஒருவரான வாலி ஃபங்க் கடைசியில் 2021-ல், தம் 82-ம் வயதில், சில நிமிஷம் மேலே போய்வந்தார். 82 வயதில்!

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது ஒரு கையைப் பற்றி. நிலாவில் மூன்று பேர் மாசக்கணக்காக அடைந்து கிடக்கிறார்கள். ஒருவனுக்கு மனசு பிசகுகிறது. வெளியே தெரிந்தால் அவன் உத்தியோகமே போய்விடும். கூட இருக்கும் டேனியல் என்கிற கறுப்பினப் பெண் தன் கையைத் தானே ஒடித்துக்கொண்டு, "எனக்கு அடிபட்டுவிட்டது, அதனால் திரும்புகிறோம்" என்று அவனைக் காப்பாற்றி அழைத்து வருகிறாள்.

"தியாகம்னா இதுதான்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. மாடிப் பெண்ணுக்கு வந்ததே கோபம். "அவனுக்கு மனசு சரியில்லன்னா டாக்டர்கிட்ட காட்டறத விட்டுட்டு இவ ஏன் கைய ஒடிச்சுக்கணும்?" எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. எத்தனை வீடுகளில் புருஷனின் குடியையும் மனக்கோளாறையும் மறைக்கப் பெண்கள் கையை ஒடித்துக்கொண்டிருக்கிறார்கள்! 'படியில் வழுக்கிட்டேன்' என்று கட்டோடு வருகிறவளை நாம் பார்த்ததில்லையா? காய்ச்சலுக்கு மருந்து வாங்குவது போல மனசுக்கும் வைத்தியம் உண்டு. மறைக்க மறைக்கத்தான் அது முற்றும்.

அந்த இருவரும் போனபின் எட் என்பவன் நிலாவில் தன்னந்தனியாக இருக்கிறான். அந்தச் சமயம் பார்த்து, சைக்கிளில் போன அவன் ஒரே பிள்ளை கார் மோதி இறந்துபோகிறான். தகப்பனுக்கு உடனே சொல்லவில்லை. தாய் கேரன் தனியாக அதைச் சுமக்கிறாள். இளந்தாய் ஒருத்தி இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டாள். "சரித்திரத்த மாத்தறவங்க இந்தப் பிள்ளையையாவது காப்பாத்தக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். அவளுக்கு யாரிடமும் பதில் இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். கூட உட்கார்ந்து பார்த்த ஆறாம் வகுப்புப் பையன், நிலாவில் முதலில் இறங்கியது ரஷ்யாதான் என்று பள்ளியில் அடித்துப் பேசிவிட்டு வந்தான். நிஜ நியூஸ் படங்களைக் கதையோடு அத்தனை நயமாகக் கலந்திருக்கிறார்கள், பெரியவர்களே ஏமாறலாம். இப்போது அவன் அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் 'எது நிஜம், எது கதை' என்று அவனையே ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறாள். பையனுக்கு இப்போது கதையை விட அந்த நோட்டில்தான் ருசி. (பெரிய பிள்ளைகளோடு பார்க்கலாமே தவிர, சின்னதுகளுக்கு ஏற்ற தொடர் அல்ல.)

நம் ஊருக்கும் இப்படி ஒரு 'இருந்தால்' உண்டு. 1991 மே 21. விசாகப்பட்டினத்தில் ராஜீவ் காந்தியின் விமானத்தில் கோளாறு. பயணம் நடக்காது என்று தங்கும் இடத்துக்குக் கிளம்பியவரை, கோளாறு சரியாகிவிட்டது என்று திரும்ப அழைத்தார்கள். அவர் சென்னைக்கு வந்து, அங்கிருந்து காரில் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தார். இரவு பத்தரைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று அங்கே நினைவிடம் இருக்கிறது. 2003-ல் ஜனாதிபதி அப்துல் கலாம் திறந்துவைத்தார். அந்தக் கோளாறு இன்னும் ஒரு மணி நேரம் சரியாகாமல் இருந்திருந்தால்?

நான் இதைக் கேட்டதும், நாட்டு அரசியல் எப்படி மாறியிருக்கும் என்று ஆளுக்கொன்று பேசினார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வேறொன்று சொன்னார். அன்று அவரும் கூட்டத்துக்குக் கிளம்பிப் புடவை கட்டியாகிவிட்டதாம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் தணியவில்லை என்று மாமியார் தடுத்துவிட்டார். "அவங்க மேல அன்னிக்கு அவ்ளோ கோவம் எனக்கு" என்றார். "அங்க ஒரு தாயும் பொண்ணும் செத்தாங்களே, அந்தப் பொண்ணு ராஜீவ்கிட்ட கவிதை சொல்ல வந்தது. அதுக்கு ஒரு காய்ச்சல் வந்திருக்கக் கூடாதா?" அத்தைக்கு மீசை என்று எங்களைக் கேலி செய்கிறவரும் இதே அக்காதான்.

இன்னொரு கேள்வியில் பேச்சு சூடாகிவிட்டது. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழும்பினவே, அவை வராமல் இருந்திருந்தால்? "ஏரித்தண்ணி, நெல்லு, மாடு, எல்லாம் அப்படியே இருந்திருக்கும்" என்றார் அக்கா. நிலம் கொடுத்த குடும்பம். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. மாடிப் பெண் தெற்குச் சீமையிலிருந்து வந்தவள். "கம்பெனி வரலன்னா எனக்குப் பதினேழுல கல்யாணம் ஆகியிருக்கும்க்கா. இந்தத் தொடரும் பாத்திருக்க மாட்டேன், உங்களையும் பாத்திருக்க மாட்டேன்" என்றாள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தாரே, அதில் இடம் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் வாடகைக்கு ஆள் தேட வேண்டிவரும்!

"அப்போ எங்க ஏரி?" என்றார் அக்கா மறுபடியும். அதற்குள் இரண்டாம் ஷிப்டு பஸ் வந்து ஹாரன் அடித்தது. மீதிக் கதையை அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும்.