உஷார்! ஒரே தட்டில் பன்னிரண்டரை பவுன்

ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கத்து மக்களே, கொஞ்சம் நில்லுங்கள்! கால் பவுன் எடுக்கவே நாலு கடை ஏறி இறங்கி, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கேட்டுத்தான் பணத்தை எண்ணி வைக்கிறோம். செல்போனில் டிரேடிங் ஆப்பைத் திறந்தால் மட்டும் 'கோல்டு மினி ஒரு லாட்' என்று கை சட்டென்று தட்டிவிடுகிறது. அது 100 கிராம் தங்கம். நம் கணக்கில் பன்னிரண்டரை பவுன்!

எம்.சி.எக்ஸ் சந்தையின் பெரிய 'கோல்டு' ஒப்பந்தமோ 1 கிலோ, அதாவது 125 பவுன். மார்ஜின் என்று ஒரு சிறு பங்கைக் கட்டினால் போதும் என்பதால் அதன் கனம் யாருக்கும் உறைப்பதில்லை. ஆனால் நஷ்டம் முழு எடைக்கும் வரும். 10 கிராம் விலை ஒரு ரூபாய் இறங்கினால் மினியில் 10 ரூபாய் போகும், கிலோவில் 100 ரூபாய் போகும்.

"தங்கம் எங்கே இறங்கப் போகுது?"

இறங்கியிருக்கிறது. 2013 ஏப்ரல் 15 அன்று உலகச் சந்தையில் ஒரே நாளில் சுமார் 9 சதவீதம் சரிந்தது. 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைக்கப்பட்டது. அன்றே எம்.சி.எக்ஸில் 10 கிராமுக்குச் சுமார் 4,000 ரூபாய் விழுந்தது. ஒரு மினி வாங்கி வைத்திருந்தவருக்கு 40,000 ரூபாய், ஒரு கிலோ வைத்திருந்தவருக்கு 4 லட்சம் காலி!

"ஸ்டாப் லாஸ் போட்டிருக்கேனே, குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்றுவிடும்" என்பவர்களுக்கு 2025 தீபாவளியை நினைவூட்ட வேண்டும். பண்டிகைக்கு மறுநாள், அக்டோபர் 21, உலகச் சந்தையில் தங்கம் 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இங்கே அன்று முகூர்த்த வணிகம் மட்டும்தான். மறுநாள் மாலை சந்தை திறந்தபோதே விலை பள்ளத்தில் கிடந்தது. அப்படி இடைவெளி விட்டு விலை திறந்தால், நீங்கள் குறித்த விலையில் யாரும் வாங்க மாட்டார்கள். கிடைத்த விலைக்குத்தான் போகும். குற்றாலத்தில் கீழே வெயிலடிக்கும்போதே மலைமேல் பெய்த மழை அருவியில் வந்து இறங்கும் அல்லவா, அமெரிக்காவில் நடப்பது அப்படித்தான் இங்கே வந்து சேரும்.

எவ்வளவு வாங்கலாம்?

விலை ஏறுமா, இறங்குமா என்று யோசிக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு வியாபாரத்தில் அதிகபட்சம் மொத்த முதலில் 2 சதவீதம் வரைதான் இழக்கலாம் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் 1 லட்சம் என்றால் 2,000 ரூபாய். 10 கிராம் விலை 1,000 ரூபாய் எதிராகப் போனால் வெளியேறுவதாக முடிவு செய்கிறீர்கள். அப்படியானால், எம்.சி.எக்ஸின் சிறிய ஒப்பந்தங்களில்:

- மினி (100 கிராம்): ஒரு லாட்டுக்கே 10,000 ரூபாய் நஷ்டம். தொடவே கூடாது.
- கினி (8 கிராம்): ஒரு லாட்டுக்கு 800 ரூபாய். இரண்டு லாட் வரை சரி.
- பெட்டல் (1 கிராம்): ஒரு லாட்டுக்கு 100 ரூபாய். 20 லாட் வரை சரி.

பட்ஜெட் நாள், அமெரிக்க மத்திய வங்கி வட்டி அறிவிக்கும் நாள், நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் என்றால் இதிலும் பாதிதான். நஷ்டத்தில் இருக்கும்போது சராசரி பண்ணுகிறேன் என்று மேலும் வாங்காதீர்கள். போட்ட கோடு அங்கேயே அழிந்துவிடும். தங்கத்தையே கைமாற்ற வேண்டிய டெலிவரிக் காலம் தொடங்குவதற்கு முன் வெளியேறவும் மறக்காதீர்கள்.

நகையை வைத்தா? வேண்டவே வேண்டாம்!

பீடி சுற்றியும் தோட்டத்தில் காய்கறி போட்டும் சேர்த்த நகையை அடகு வைத்து, அந்தப் பணத்தில் தங்கம் வாங்கி விளையாடுவது எல்லாவற்றிலும் மோசம். தங்கம் இறங்கினால் ஆப்பில் பணம் போகும், அடகுக் கடையில் நகையின் மதிப்பும் குறையும். ஒரே அடி இரண்டு பக்கமும் விழும். வட்டி தனியாக ஓடும். வீட்டில் நகை இருந்தாலே தங்கத்தில் உங்கள் முதலீடு ஏற்கெனவே இருக்கிறது.

வெளிநாட்டு ஆப் என்றால் இன்னும் உஷார்!

'ஒன்றுக்கு ஐந்நூறு மடங்கு' கடன் தருகிறோம் என்று ஆசை காட்டுவார்கள். அங்கே ஒரு முழு லாட் 100 அவுன்ஸ், ஏறக்குறைய 389 பவுன்! அனுமதியில்லாத இத்தகைய தளங்களில் வணிகம் செய்தால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நடவடிக்கை பாயலாம். ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் எச்சரிக்கைப் பட்டியலே வைத்திருக்கிறது. அதில் ஒரு பெயர் இல்லை என்பதால் அது அனுமதி பெற்றது என்று ஆகிவிடாது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் 'நிச்சய லாபம்' என்று சொல்லிப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். கட்டி ஏமாந்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பைக் குறைக்கும்.