நீர்வேலி வீடியோவை யார் பார்க்கிறார்கள்?

யூடியூப்பில் ஏதாவது செய்யலாம் என்று கைபேசியோடு இறங்கும் பெடியனுக்கு ஊரில் கிடைக்கும் முதல் யோசனை, "நெடுந்தீவுக்குப் போய்க் குதிரையை எடு தம்பி, இல்லாட்டி நல்லூர்த் தேரை எடு" என்பதுதான். நீர்வேலியில் எடுக்க என்ன இருக்கிறது, வாழையும் செம்மண்ணும் கிணறும்தானே என்ற நினைப்பு. குதிரையையும் தேரையும் எடுக்க ஏற்கெனவே ஒரு படையே கமராவோடு நிற்கிறது. கோப்பாய் தாண்டி, சிறுப்பிட்டி வருமுன் பருத்தித்துறை வீதியில் கிடக்கும் இந்த ஊரை எடுக்கத்தான் ஆள் குறைவு. பார்க்க ஆள் நிறைய உண்டு.

அந்த ஆள் யார் என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றின் வீடியோவை ஆசையோடு பார்ப்பவர் பெரும்பாலும் அந்தக் கிராமத்தில் இல்லை. 1983க்குப் பிறகு புறப்பட்ட குடும்பங்கள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் லண்டனிலும் பரிசிலும், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா என்றும் பரந்து கிடக்கின்றன. இங்கே இருப்பவருக்கு வாழைக்குலை வெட்டுவது ஒரு புதினமே இல்லை. பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவருக்கு அது தன் தகப்பன் விடியக்காலை செய்த வேலை. "இது எந்த ஒழுங்கை? அத்தியார் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலா?" என்று அவர் கீழே எழுதிக் கேட்கிறார். இன்னொருவர் பதில் சொல்கிறார். மூன்றாவது ஆள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிடுகிறார். வீடியோ ஓடத் தொடங்கியாயிற்று.

இது வெறும் ஊர்ப்பாசம் மட்டுமன்று, தளங்கள் வேலை செய்யும் விதமும் இதுதான். யூடியூப் 2012 முதல், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதோடு நில்லாமல் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. முகப்புப் படத்தைக் கண்டவர்களில் எத்தனை வீதமானோர் அழுத்தினார்கள், அழுத்தியவர் எந்த இடத்தில் விட்டுப் போனார் என்று கணக்குப் பார்த்து, நன்றாக நின்ற வீடியோவை அதேபோல் ரசனை உள்ள மற்றவர்களுக்கும் காட்டுகிறது. முகநூல் 2018 ஜனவரியில் தன் முறையை மாற்றி, ஆட்கள் தங்களுக்குள் கதைத்துக்கொள்ளும், பகிர்ந்துகொள்ளும் பதிவுகளுக்கு முன்னிடம் தருவதாக அறிவித்தது. ஆக, பத்தாயிரம் பேர் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிற வீடியோவைவிட, ஆயிரம் பேர் கடைசிவரை இருந்து கதைக்கிற வீடியோ உங்களுக்குப் பயன். நீர்வேலிக்காரரைக் கடைசிவரை இருத்த நீர்வேலியால்தான் முடியும்.

ஆனால் நம்மவர்கள் முதல் அரை நிமிடத்திலேயே அவரைத் துரத்திவிடுகிறார்கள். "வணக்கம் உறவுகளே" என்று தொடங்கி, சனலின் பெயரைச் சொல்லி, சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லி, மணியை அழுத்தச் சொல்லி, இன்றைக்கு எங்கே வந்திருக்கிறோம் என்றால் என்று இழுத்து முடிக்கும்போது பார்ப்பவர் வேறெங்கோ போயிருப்பார். குலையில் கத்தி இறங்கும் காட்சியில் தொடங்குங்கள். வணக்கம் பிறகு சொல்லலாம், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்.

என்ன எடுப்பது? வாழையை மட்டும் எடுத்தாலே ஒரு வருடத்துக்குக் காணும். கதலிக்கும் இதரைக்கும் கப்பலுக்கும் மொந்தனுக்கும் என்ன வித்தியாசம் என்று தோட்டக்காரர் கையில் வைத்துச் சொன்னால், ஊரில் பிறக்காத பிள்ளைக்கும் அது விளங்கும். பழுக்க வைப்பதையே பாருங்கள். கிடங்கு வெட்டி, குலைகளை இறக்கி, மூடி, புகை போடுகிறார்கள். புகையில் உள்ள எதிலீன் வாயுவும் உள்ளே கூடும் சூடும் சேர்ந்து காயைப் பழமாக்குகின்றன. இப்படி ஒரு காரணத்தையும் சொல்லிக் காட்டினால், அழகான படம் தகவலுள்ள வீடியோ ஆகிவிடும். பிறகு சைக்கிளில் இரண்டு பக்கமும் குலை கட்டிச் சந்தைக்குப் போகும் மனிதர், பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுகிற இறைப்பு, ஒழுங்கைக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோ, தை மாதத்தில் அவித்து அடுக்கிய பனங்கிழங்கு, சோளகம் அடித்த மறுநாள் முறிந்து கிடக்கும் வாழை. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். நட்டத்தையும் காட்டுகிற சனலைத்தான் ஊரவர் நம்புவார்கள்.

நிலாவரைக் கிணறு பக்கத்து நவக்கிரியில், இராச வீதியில் இருக்கிறது. அதைப் பற்றிய வீடியோக்களைத் தேடிப் பாருங்கள்: "அடியே இல்லாத மர்மக் கிணறு", பின்னால் பேய்ப்படச் சங்கீதம். மேல்நீர் நன்னீர், ஆழம் போகப் போக உவர் என்பதையும், குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல் கரைந்து குகைகளும் வெடிப்புகளும் உண்டாவதால்தான் இப்படிக் கிணறுகள் அமைகின்றன என்பதையும், வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத இந்த மண்ணுக்கு மாரி மழைதான் நிலத்தடி நீரைத் தருகிறது என்பதையும் சொல்லும் வீடியோ எனக்கு அருமையாகத்தான் அகப்படுகிறது. மர்மத் தலைப்பு முதல் நாள் ஆளைக் கொண்டுவரும், மறுக்கவில்லை. உள்ளே மர்மம் இல்லை என்று கண்டவர் இரண்டாம் நிமிடத்தில் போய்விடுவார். அந்தக் கணக்கும் தளத்தில் ஏறும்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில், தாத்தாவும் பேரன்மாருமாக 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரரை எட்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சனல் அது. அவர்கள் நகரத்துக்குப் போகவில்லை. தங்கள் வயல்வெளியிலேயே, பேச்சைக் குறைத்து, கை வேலையைக் காட்டினார்கள். அதைப் பார்த்து இங்கே அண்டா வாங்கி ஆட்டை உரித்தவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது அண்டாவை விட்டு, ஒரே இடம், ஒரே ஆட்கள், ஒரே முறை என்று பிடித்த பிடி. வாரம் ஒன்றென்றால் வாரம் ஒன்று.

நேரமும் பார்க்க வேண்டும். இங்கே இரவு 7 மணி என்றால் ரொறன்ரோவில் கோடைக்காலத்தில் காலை 9.30, எல்லோரும் வேலையில். இங்கே இரவு 11 மணிக்குப் போட்டால் பரிசில் மாலை 7.30, லண்டனில் 6.30. ஐரோப்பா பார்த்து முடிக்க, கனடா வேலையால் வந்துவிடும். குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் ஒரு மணித்தியாலம் கூடும். ஆறுதலாகப் பார்க்கப்படும் நீண்ட வீடியோவுக்கு இது பெரிய விடயமில்லை. முகநூல் பதிவுக்கும் கோவில் திருவிழா நேரலைக்கும் இது முக்கியம். உங்கள் சனலின் புள்ளிவிபரப் பக்கத்தில், பார்வையாளர் எந்த நாட்டில், எந்த நேரத்தில் இருக்கிறார் என்று யூடியூப்பே காட்டுகிறது. ஊகிக்கத் தேவையில்லை.

திருவிழா என்றதும் ஓர் எச்சரிக்கை. ஒலிபெருக்கியில் ஓடும் பழைய பக்திப் பாட்டுக்கும் உரிமையாளர் இருக்கிறார். உங்கள் வீடியோவில் அது விழுந்தால் யூடியூப்பின் தானியங்கி முறை கண்டுபிடித்து, விளம்பர வருமானத்தை அந்த இசைக் கம்பனிக்குத் திருப்பிவிடலாம். பாட்டு ஓயும்வரை நின்று, மணியோசையையும் சனத்தின் சத்தத்தையும் எடுத்தால் வீடியோவும் நன்றாக இருக்கும்.

இனிக் காசு. யூடியூப்பில் முழு விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷோர்ட்ஸ் ஒரு கோடி முறை பார்க்கப்பட வேண்டும். நீண்ட வீடியோவின் விளம்பரத்தில் 55 வீதம் உங்களுக்கு, ஷோர்ட்ஸில் 45 வீதம். விளம்பரத்தின் விலை பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. அதே ஆயிரம் பார்வை கொழும்பிலிருந்து வருவதைவிடக் கனடாவிலிருந்து வந்தால் பெரும்பாலும் கூடுதலாகக் கிடைக்கும். புலம்பெயர்ந்தவருக்காக எடுப்பதில் இந்த இலாபமும் உண்டு. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் கூகிள் ஓர் இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும். ஆகவே விலாசத்தை உங்கள் தபால்காரருக்கு விளங்குகிற மாதிரி, ஒழுங்கையின் பெயரோடு கொடுங்கள். நாலு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நிறுத்தப்படும். 100 டொலர் ஆனால்தான் வங்கிக்கு வரும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால், உலகம் முழுவதிலிருந்தும் வந்த வருமானத்தில் 24 வீதம்வரை பிடிக்கப்படலாம். எங்கள் நாட்டு வரியையும் கேட்டு வையுங்கள்: 2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுச் சேவை வருமானம் வங்கி வழியே வந்தால் உச்ச வரி 15 வீதம்.

விளம்பரக் காசை மட்டும் நம்பி இருக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி செய்கிற ஒரு வீட்டுக்கு முந்நூறு நல்ல பார்வையாளரே போதும். ஆடி, ஆவணியிலும் மார்கழியிலும் ஊருக்கு வருகிறவர்கள், வீடியோவில் கண்ட படலையைத் தேடி வந்து வாங்குகிறார்கள்.

சிலருக்கு ஒரே ஒரு வீடியோ போதும் என்ற ஆசை. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டம் ஒன்றின் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் ஒருவர், மற்றவர்கள் கையை விட, பட்டத்தோடு மேலே போய்விட்டார். தெய்வாதீனமாக உயிர் தப்பினார். உலகச் செய்தி நிறுவனங்கள்வரை அந்தச் சில விநாடிகள் ஓடின. எடுத்தவர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அப்படி ஒன்று தற்செயலாக அமைந்தால் எடுங்கள், ஆனால் அதற்காக ஒருவரையும் கயிற்றில் தொங்கவிடாதீர்கள். ட்ரோன் பறக்க விடுவதும் அப்படித்தான். சிவில் விமான அதிகாரசபையில் பதியாமல், அனுமதி எடுக்காமல் பறக்கவிட முடியாது. பலாலி விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறபடியால் நீர்வேலிக்காரர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எடுத்த மூல வீடியோக்களை வேறொரு வன்தட்டில் வையுங்கள். சனல் பறிபோகலாம், நாடே ஒரு நாள் தளங்களை மூடலாம். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இங்கே அது நடந்தது.

கடைசியாக, "உதவி வீடியோ". வெளிநாட்டில் ஒருவர் காசு அனுப்புகிறார். இங்கே ஒருவர் கமராவோடு ஏழை வீட்டுக்குள் போய், தாயை அழவைத்து, பிள்ளையைக் கேள்வி கேட்டு, பொதியைக் கொடுப்பதை எடுத்துப் போடுகிறார். வடக்கில் வேகமாகப் பார்வை சேர்க்கும் வகை இதுதான். 2025 மார்ச்சில், உதவி என்ற பெயரில் ஒரு வீட்டுப் பெண்பிள்ளையை அவமதித்ததாக எழுந்த கண்டனத்தைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்து யூடியூபர் ஒருவர் கைதானார். அந்தப் பிள்ளை நாளைக்கும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும், அதே சந்தியில்தான் பஸ் ஏற வேண்டும். உங்களிடம் யாராவது காசு தந்து கொடுக்கச் சொன்னால் கொடுங்கள், கணக்கை எழுதி, பற்றுச்சீட்டை அனுப்பியவருக்கு அனுப்புங்கள். கமராவைப் படலைக்கு வெளியே சைக்கிளிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.