பழசு என்றால் பழசு என்று சொல்லட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்துக் கல்லூரிக்கு வரும் என் அக்கா மகள், போன வாரம் லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள். "மாமா, புக்ல இருக்கிற மாதிரியேதான் அடிச்சேன். முதல் வரியே எரர்ங்குது."

சீனியர்களிடமிருந்து கைமாறி வந்த, டர்போ சி++ காலத்துப் புத்தகம். முதல் வரியில் 'ஐஓஸ்ட்ரீம்.எச்'. 1998இல் சி++ மொழிக்குத் தரம் வகுத்தபோது அந்தப் பெயரைச் சேர்க்கவில்லை, '.எச்' இல்லாத 'ஐஓஸ்ட்ரீம்'தான் அதிலுள்ளது. ஜிசிசி கம்பைலர் சில ஆண்டுகள் பழைய பெயரையும் ஏற்றுக்கொண்டு, 'இது பழையது, இதற்குப் பதில் இதைப் போடுங்கள்' என்று எச்சரித்துவந்தது. 2008இல் வந்த 4.3 பதிப்பில் அந்தக் கோப்பையே எடுத்துவிட்டார்கள். கூடவே அந்த எச்சரிக்கையும் போய்விட்டது. இப்போது வருவது 'அப்படியொரு கோப்பு இல்லை' என்ற ஒற்றை வரி. இன்ஸ்டால் செய்ததில்தான் ஏதோ கோளாறு என்று அரை நாள் அலைந்திருக்கிறாள்.

ஒரு வசதியை நீக்கிய பிறகும், அது முன்பு இருந்தது என்பதைக் கம்பைலர் மறக்கக் கூடாது என்பேன்.

நீக்குவதில் தவறில்லை. சி மொழியின் 'கெட்ஸ்', தட்டச்சாகும் எழுத்துகளை அளவே பார்க்காமல் நினைவகத்தில் கொட்டும். இடம் நிரம்பினால் பக்கத்து இடத்தையும் அழிக்கும். 1988இல் மோரிஸ் புழு என்ற தீநிரல் இணையக் கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று இந்த ஓட்டைதான். 2011ஆம் ஆண்டுத் தரத்தில் 'கெட்ஸ்' இல்லை.

இப்படி விடைபெறப்போகும் ஒன்றின் மேல், அதை எழுதியவரே 'டெப்ரிகேட்டட்' என்று குறியிடலாம். சி++இல் 2014 முதல் இதற்கு வழியுண்டு. அந்தப் பெயர் உங்கள் புரோகிராமில் எங்கே வந்தாலும், கம்பைலர் குறியைப் பார்த்து, வரி எண்ணோடு எச்சரிக்கும். மாற்று என்ன என்பதையும் குறியிலேயே எழுதிவைக்கலாம். 2017இல் வந்த ஜாவா 9 இன்னும் ஒரு படி மேலே போனது: எந்தப் பதிப்பிலிருந்து பழசு, பிற்பாடு நீக்கப்போகிறார்களா என்பதையும் குறியில் சேர்க்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான். வெறுமனே 'பழசு' என்றால் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

அவள் '.எச்'சை அழித்தாள். உடனே அடுத்த எரர். ஆனால் இம்முறை, திரையில் எழுதவைக்கும் 'சி-அவுட்'டுக்குக் கீழே அலைகோடு போட்டு, 'எஸ்டிடி::சி-அவுட்' என்று எழுத நினைத்தீர்களா எனக் கம்பைலரே கேட்டிருந்தது. என்னைக் கேட்காமலே திருத்திவிட்டாள்.