எழுத்தோட்டத்தில் எங்கள் மாத்தளை!

படம் தொடங்கியதும் எழுத்து ஓடுமே, அதை நின்று படிப்பவர்கள் எத்தனை பேர்? 1980இல் வெளிவந்த ஈழத்துத் தமிழ்ப்படம் 'அவள் ஒரு ஜீவநதி'. இதன் எழுத்தோட்டத்தைத் தவறவே விடக்கூடாது. தயாரிப்பாளர் பெயரின் முன்னாலேயே எங்கள் ஊர் நிற்கிறது: மாத்தளை கார்த்திகேசு! நாடகமும் நாவலும் எழுதிய மலையகத்துக்காரர், சொந்தக் கதையைப் படமாக்கத் தாமே தயாரிப்பாளரானார். இயக்கம் ஜோ மைக்கல். நடிகர்களில் ஒருவர் கே.எஸ். பாலச்சந்திரன். ஆமாம், 'அண்ணை றைற்' தனிநடிப்பால் புகழ்பெற்ற பாலச்சந்திரனேதான்!

வாருங்கள், திரையை இன்னும் கொஞ்சம் விலக்குவோம். 1962இல் 'சமுதாயம்' என்ற தமிழ்ப்படத்தை இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச, ஒரு சிங்களக் கலைஞர்! அது 16 மி.மீ. படம். தியேட்டர்களில் வழக்கமாக இருந்ததோ 35 மி.மீ. இயந்திரம். அந்த 35 மி.மீ. அளவிலேயே அடுத்த வருடம் வந்துவிட்டது 'தோட்டக்காரி'. தேயிலைத் தோட்டத்து வாழ்க்கை வெள்ளித்திரை ஏறியது!

இனித்தான் வேடிக்கை. 1975இல் 'புதிய காற்று' படத்தின் கதாநாயகன் யார்? தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன். தயாரிப்பாளரும் அவரே! 1976இல் 'கோமாளிகள்' வந்தது. வானொலியில் குரலை மட்டும் கேட்டுச் சிரித்த மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால், அப்துல் ஹமீட் எல்லோரையும் முகத்தோடு பார்க்கலாம் என்றால் சும்மாவா! மறுவருடம் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்துக்கே போய் 'பொன்மணி' எடுத்தார். 1978இல் செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமானது.

கவனித்தீர்களா? ஒருவர் தொழிற்சங்கத்திலிருந்து, ஒருவர் வானொலியிலிருந்து, இன்னொருவர் நாவலிலிருந்து வந்திருக்கிறார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் கொடிகட்டிப் பறந்த அதே ஊர்களில், அதே ரசிகர்களை நம்பி, வேறு வேலை பார்த்தவர்கள் தங்கள் பேச்சிலும் தங்கள் மண்ணிலும் படம் எடுத்தார்கள். அந்தத் துணிச்சல்தான் இந்தச் சினிமாவின் உண்மையான மூலதனம். அதில் மாத்தளைக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலைகால் புரிவதில்லை!