மாற்றுக் கருத்தா, ஆபத்தான குழுவா? பெற்றோர் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒரு பிள்ளை புதிய மார்க்கக் குழுவொன்றோடு பழகத் தொடங்கினால், பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அவங்கட கொள்கை என்ன சேர்?" மௌலித் ஓதுகிறார்களா, ஸியாரத்துக்குப் போகிறார்களா, பிறை விடயத்தில் எந்தப் பக்கம் என்றுதான் விசாரிப்பார்கள். இருபது வருடங்களாகக் கற்பித்து வரும் எனக்கு, இந்தக் கேள்வி எம்மைத் திசைதிருப்பி விடுகிறது என்றே தோன்றுகிறது.

எமது நாட்டில் தரீக்காக்கள் இருக்கின்றன. தப்லீக், ஜமாஅதே இஸ்லாமி, தௌஹீத் அமைப்புகளும் இருக்கின்றன. ஒரு சாரார் மறுசாராரை 'வழிகெட்டவர்கள்' என்று சொல்வது எமக்குப் புதிதல்ல. ஆனால் கருத்து வேறுபாடு ஒன்று, ஆங்கிலத்தில் 'கல்ட்' என்று சொல்லப்படும் மனிதர்களை அடிமைப்படுத்தும் குழு வேறொன்று. முன்னையதைப் பற்றி உலமாக்கள் விவாதிக்கட்டும். பின்னையதை ஒரு சாதாரண உம்மாவும் வாப்பாவும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளித்தோற்றம் காட்டித் தராது

கவாரிஜ்களின் தொழுகைக்கும் நோன்புக்கும் முன்னால் ஸஹாபாக்கள் தமது தொழுகையையும் நோன்பையும் அற்பமாகக் கருதுவார்கள் என்று நபியவர்கள் (ஸல்) முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். மரத்திலிருந்து விழுந்த ஒரு பேரீச்சம்பழத்தை உரிமையாளரின் அனுமதியின்றி உண்ணக் கூடாது என்று வாயிலிருந்து துப்ப வைத்த அதே கூட்டம்தான், அப்துல்லாஹ் இப்னு கப்பாபையும் கர்ப்பிணியான அவரது மனைவியையும் கொன்றது என்று வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். வணக்கத்தின் அளவை வைத்து ஒரு குழுவை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய நோயுமல்ல. 2023 டிசம்பர் இறுதியில், பௌத்தத்தைத் திரித்துப் போதித்த ஒருவர் எமது நாட்டிலேயே நஞ்சருந்தி இறந்தார். சில நாட்களுக்குள் மாலபேயில் அவரது மனைவியும் மூன்று பிள்ளைகளும் இறந்து கிடந்தனர். அவரது போதனையைக் கேட்டு வந்த வேறு சிலரும் அதே வழியில் உயிரை மாய்த்தனர்.

அமெரிக்க உளமருத்துவர் ரொபர்ட் லிஃப்டன், சீனாவில் 'சிந்தனைச் சீர்திருத்தத்துக்கு' உட்படுத்தப்பட்டவர்களை ஆராய்ந்து 1961இல் ஒரு நூல் எழுதினார். மனிதனின் சிந்தனையைச் சிறைப்பிடிக்கும் சூழலின் எட்டு அடையாளங்களை அதில் பட்டியலிட்டார். வெளியுலகத் தொடர்பைக் கட்டுப்படுத்துவது, எல்லாவற்றையும் தூய்மை, அசுத்தம் என இரண்டாகப் பிரிப்பது, குழுவுக்கென்று தனி வார்த்தைகளை உருவாக்குவது போன்றவை அவை. அந்த எட்டில் ஒன்றுகூட, 'எந்தக் கடவுளை நம்புகிறார்கள்?' என்பதைப் பற்றியதல்ல. மனிதனை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பற்றியவை.

ஐந்து கேள்விகள்

1. தலைவரிடம் "ஏன்?" என்று கேட்கலாமா? படைத்தளபதி ஒருவர் கோபத்தில் நெருப்பை மூட்டி, அதில் இறங்குமாறு தன் வீரர்களுக்குக் கட்டளையிட்ட சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அவர்கள் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் ஒருபோதும் வெளியேறியிருக்க மாட்டார்கள் என்றும், கட்டுப்படுதல் நன்மையான விடயத்தில் மட்டும்தான் என்றும் நபியவர்கள் சொன்னார்கள். அபூபக்ர் (ரழி) அவர்களும் கலீபாவாகி ஆற்றிய முதல் உரையிலேயே, தான் தவறினால் திருத்துமாறு மக்களிடம் வேண்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு இல்லாத விலக்கு இன்றைய எந்த அமீருக்கும் ஷெய்குக்கும் கிடையாது. தலைவரின் கனவும் 'இல்ஹாமும்' ஆதாரமாகும் இடத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. 1979 நவம்பரில் ஜுஹைமான் அல்-உதைபியின் கூட்டம் மக்கா ஹரமை ஆயுதமுனையில் கைப்பற்றியபோது, தம்மில் ஒருவரை மஹ்தி என்று அறிவித்தது. கனவுகளும் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. அந்த 'மஹ்தி' முற்றுகையிலேயே கொல்லப்பட்டார்.

2. உள்ளே சொல்வதும் வெளியே சொல்வதும் ஒன்றுதானா? ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ 1984இல் ஒரு யோகா வகுப்பாகத்தான் ஆரம்பித்தது. படித்த விஞ்ஞானிகளும் அதில் சேர்ந்தார்கள். 1995 மார்ச் 20ஆம் திகதி அதே அமைப்பு டோக்கியோ சுரங்க ரயில்களில் ஸரின் நச்சு வாயுவைப் பரப்பியது. முதல் நாளே எவரும் விஷத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "இதை வீட்டில் சொல்ல வேண்டாம், அவர்களுக்கு விளங்காது" என்று ஒரு வகுப்பில் சொல்லப்பட்டால், அந்த வகுப்பைப் பெற்றோர் அறிந்தே ஆக வேண்டும்.

3. குடும்பத்தை விட்டுப் பிரிக்கிறார்களா? எனது வகுப்பில் உயர்தரம் படித்த ஒரு மாணவன், திடீரென வாப்பா அறுத்த கோழியைச் சாப்பிட மறுத்தான். பெரியவர்களின் ஜனாஸாவுக்கும் போகவில்லை. அவனது பார்வையில் வீட்டிலிருந்த எவரும் முஸ்லிம்களாக இருக்கவில்லை. மார்க்கம் பற்றோடு வளர்ந்தால் பெற்றோர் மீதான பணிவும் வளர வேண்டும். நான்கைந்து பேரைத் தவிர உலகமே காபிர் என்று ஒரு பிள்ளைக்குக் கற்பிக்கப்பட்டால், அடுத்து எதைச் சொன்னாலும் அவன் நம்பும் நிலைக்கு வந்துவிடுவான்.

4. பணத்துக்குக் கணக்கு உண்டா? எமது பள்ளிவாசல்களில் ஜமாஅத்தார் கணக்குக் கேட்பார்கள், சண்டையும் பிடிப்பார்கள். அது ஆரோக்கியமானது. நகையையும் காணி உறுதியையும் வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டுக் கொடுக்காத இடம், தலைவர் சொல்பவரைத்தான் திருமணம் முடிக்க வேண்டும் என்ற இடம், பரீட்சையை விட்டுவிட்டு வரச் சொல்லும் இடம் ஆகியன ஆரோக்கியமானவையல்ல.

5. நிம்மதியாக விலக முடியுமா? ஐந்திலும் இதுவே முக்கியமானது. ஜிம் ஜோன்ஸ் என்ற போதகர் தனது ஆட்களைக் கயானா நாட்டின் காட்டுக்குள் கொண்டுபோய்க் குடியேற்றினார். 1978 நவம்பரில் நிலைமையைப் பார்க்க அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் லியோ ரயன் அங்கு சென்றார். சிலர் அவரோடு திரும்பிப் போக விரும்பினார்கள். விமான ஓடுபாதையில் ரயன் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே நாளில் 900இற்கும் மேற்பட்டோர் சயனைட்டுக்குப் பலியானார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் சிறுவர்கள். ஒருவர் விலகினால் ஸலாம் சொல்வதையும் நிறுத்தி, மிரட்டி, முர்தத் பட்டம் கொடுக்கும் குழு எதுவானாலும், அதன் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எம் கண்முன் நடந்தது

2019 ஏப்ரல் 21ஆம் திகதி 260இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த ஸஹ்ரானின் கூட்டத்தில் இந்த அடையாளங்கள் பலவற்றைக் காணலாம். மாற்றுக் கருத்துடைய முஸ்லிம்களைக் காபிராக்கியது, தலைமறைவாக இயங்கியது, முகத்தை மூடிக்கொண்டு பைஅத் செய்தது. கொழும்பின் வசதியான வர்த்தகக் குடும்பத்துச் சகோதரர்களும் அதில் இருந்தார்கள். எனவே வறுமையும் கல்வியின்மையும் மட்டும் காரணமல்ல. இரண்டு வருடங்களுக்கு முன்னரே காத்தான்குடி மக்கள் அவருக்கு எதிராக முறைப்பாடு செய்து வீதியில் இறங்கியிருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஓர் இளைஞன் தாடி வைப்பதோ, ஒரு பிள்ளை நிகாப் அணிவதோ, தஹஜ்ஜுத் தொழுவதோ இந்தப் பட்டியலில் இல்லை. 2019இற்குப் பின் உடையை வைத்து மற்றவர்கள் எம்மை எடைபோட்டபோது எமக்கு எப்படி வலித்தது? அதையே நாம் எமது பிள்ளைகளுக்குச் செய்யலாமா? ஓர் அடையாளத்தை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். பல அடையாளங்கள் ஒன்றுசேர்ந்து நாளுக்கு நாள் இறுகுகிறதா என்று பாருங்கள்.

என்ன செய்யலாம்?

முதலாவது, அடிக்க வேண்டாம், கேலி செய்ய வேண்டாம், வீட்டை விட்டுத் துரத்த வேண்டாம். துரத்தினால் "உன் குடும்பம் உன்னைக் கைவிடும்" என்ற அவர்களின் பாடத்தை நாமே உண்மையாக்கி விடுகிறோம். நான் மேலே சொன்ன மாணவனை மீட்டது எந்த விவாதமும் அல்ல. அவன் பதில் பேசாவிட்டாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவனுக்கு அழைப்பெடுத்த அவனது தாத்தாதான். ஒன்றரை வருடம் கழித்து, விலக வேண்டும் என்று தோன்றியபோது அவனிடம் அழைப்பதற்கு ஓர் இலக்கம் இருந்தது.

இரண்டாவது, பேசத் தெரிந்தவரை அனுப்புங்கள். அலீ (ரழி) அவர்களின் காலத்தில் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கவாரிஜ்களிடம் நேரில் சென்று, அவர்களது குறைகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் திரும்பி வந்தார்கள். முதலில் கேட்டார்கள், பிறகுதான் பேசினார்கள்.

மூன்றாவது, வன்முறையோ ஆயுதமோ பற்றிய பேச்சு இருந்தால் ஊர் மானத்தைப் பார்க்காமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள். சிறுவர்கள் துன்புறுத்தப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழையுங்கள்.

ஆசிரியர் கலாசாலையில் எமக்குக் கற்பிக்கப்பட்ட கல்வி உளவியலில் ஒரு விடயம் எனக்கு இன்றும் உதவுகிறது. கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளையை ஏமாற்றுவது கடினம். "மார்க்கத்தில் கேள்வி கேட்காதே" என்று வீட்டிலும் மத்ரஸாவிலும் வாயடைக்கப்பட்ட பிள்ளை, அந்தக் கேள்வியை மனதில் சுமந்துகொண்டு, பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கும் முதல் ஆளிடம் போகிறது. அந்த ஆள் யாராக இருக்க வேண்டும் என்பதை எமது பள்ளி நிர்வாகங்களும் உலமாக்களும் பெற்றோரும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். அல்லாஹ் எமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.