"பாத்துப் போட்டுக் குடுங்க" என்ற பேச்சு வேண்டாம்



மணிலா பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து மூட்டை பிடிக்கிற வரைக்கும் நமக்கு எதிலும் தயக்கம் கிடையாது. மூட்டையை இறக்கிவிட்டு வியாபாரி முன்னால் நின்றதும் வாய் கட்டிப்போகிறது. "நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

எங்கப்பாவும் அப்படித்தான். சிறுவயதில் அவரோடு மண்டிக்குப் போயிருக்கிறேன். தரகரும் வியாபாரியும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அப்பா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டால், "ஏதோ போட்டாங்க" என்பார். ஒரு வருஷம் அடுத்த போகத்து விதைக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

பேச்சுச் சாமர்த்தியம் பிறவியிலேயே வரணும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அது கிடையாது. மைக் முன்னால் உட்கார்ந்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் விலை பேச அது தேவையில்லை. வியாபாரி நாலு காயை உடைத்துப் பார்த்தே எவ்வளவு பருப்பு தேறும் என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறார். அந்தக் கணக்கு நமக்குத் தெரியாது. அதனால்தான் பயம்.

அதை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். நாலைந்து மூட்டைகளில் மேல், நடு, அடி என்று கைவிட்டுக் காய் எடுத்து ஒன்றாகக் கலக்குங்கள். அதில் 100 கிராம் நிறுத்து, உடைத்து, பருப்பை மட்டும் மறுபடி நிறுத்துப் பாருங்கள். பக்கத்து மளிகைக்கடைத் தராசே போதும். 70 கிராம் பருப்பு வந்தால் நல்ல சரக்கு. அதை வியாபாரி "65தாங்க தேறும்" என்றால், குவிண்டாலுக்கு 5 கிலோ பருப்பு போச்சு. 20 குவிண்டாலுக்கு 100 கிலோ. பருப்பு கிலோ 100 ரூபாய் என்று வைத்தாலும் 10,000 ரூபாய்! நல்ல காயாகப் பொறுக்கி உடைத்து உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். பொக்கும் சொத்தையும் சேர்ந்ததுதான் கணக்கு. 62தான் வந்தது என்றால் அதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

ஈரப்பதம் 8 சதத்துக்குள் இருக்கணும். காயை ஆட்டினால் கலகலக்க வேண்டும்.

முதல் நாள் ராத்திரி வீட்டுக்காரம்மாவை வியாபாரியாக உட்காரவைத்துப் பேசிப் பழகுங்கள். சிரிப்பு வரும், வரட்டும். "பருப்பு 70 தேறுதுங்க, காய்ச்சல் நல்லா இருக்கு, இந்த விலைன்னா குடுக்கறேன்." இவ்வளவுதான். சொன்னபிறகு பேசாமல் இருங்கள். அவர் வாய் திறக்குமுன்னே "வேணும்னா அம்பது குறைச்சுக்குங்க" என்று நாமே இறங்கிவிடுகிறோம். அதைவிடக் கெட்ட பழக்கம் வேறு இல்லை.

இதெல்லாம் சரி, இன்றைக்கே விற்றாகணும் என்ற நெருக்கடியில் எந்தத் தைரியமும் நிற்காது. அதற்குத்தான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். 1933 சட்டப்படி முதல் கூடம் 1936-ல் திருப்பூரில் வந்தது. இன்னமும் நம்மில் பலர் அதை ஏதோ சர்க்கார் ஆபீஸ் என்று எட்டியே நிற்கிறோம். அங்கே மறைமுக ஏலத்தில் வியாபாரிகள் தனித்தனியாக விலை குறிப்பார்கள். அதிகம் குறித்தவருக்குச் சரக்கு. அந்த விலையும் கட்டாது என்றால் மறுக்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சந்தைக் கட்டணம் வாங்குகிறவர் தலையில்தான், விற்கிற நமக்கு இல்லை. விலை ஏறும் என்று தோன்றினால் கிட்டங்கியில் இருப்பு வைத்து, மதிப்பில் 75 சதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். 180 நாள் வரை தவணை உண்டு.

போகும்போது பட்டா நகல், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றும் கையில் இருக்கட்டும். வீட்டில் உடைத்து நிறுத்த அந்தப் பருப்பையும் ஒரு பொட்டலமாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.